நான் பேசாதிருந்த மூன்று வாரங்கள்

"மூணு வாரம். ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது" என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவரம்மா. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விரலை உயர்த்தினார். "இதுவும் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் வேணாம், அது இன்னும் மோசம். குரல் வர்ற இடத்துல ரெண்டு பக்கமும் காய்ப்பு மாதிரி தடிச்சிருக்கு. கத்திக் கத்திப் பேசறவங்களுக்கு வரும். என்ன வேலை பார்க்கறீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். "பேசறதுதாம்மா இவரு வேலையே."

அவள் சொன்னது உண்மைதான். நான் கல்லூரி மாணவர்களுக்கு நடுவே கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவன். சென்னைக்கு மேற்கே தண்டலத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதம் படிப்பேன், ஜெபிப்பேன். காய்ச்சல் வந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். வார்டனிடம் மாட்டிக்கொண்டவனுக்காகப் பரிந்து பேசுவேன். மாதம் ஒரு சனிக்கிழமை, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சர்ச்சின் மாடி ஹாலில் எல்லாரையும் சேர்த்து வைத்துக் கூட்டம் நடத்துவேன். கீழே பெங்களூருக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அதை மீறி மைக் இல்லாமல் பேசுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தின் தடிப்புதான் தொண்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அதை விட்டுவிட்டு முழு நேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று சொன்னபோது, என் மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப நான் வேலைக்குப் போறேன்" என்றாள். அங்கே வடக்குப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அந்த மாதமே ஒயர் கம்பெனி ஒன்றில் உற்பத்தி லைனில் சேர்ந்தாள். அவளுடைய அண்ணன் மட்டும் என்னிடம் ஒருமுறை கேட்டார்: "மாப்ள, என் தங்கச்சி மிஷின்கிட்ட நிக்கும், நீங்க மைக்குகிட்ட நிப்பீங்க, அப்படித்தானே?" நான் சிரித்து மழுப்பினேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் காலை சமையல் என்னுடையது. மகளுக்குத் தலை பின்னுவதும் என்னுடையது. இரட்டைப் பின்னலில் வகிடு கோணாமல் எடுக்கிற ஊழியர் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பேசாத முதல் வாரம் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது, வீட்டுக்கு இல்லை. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை வாங்கி மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுவாள். படிப்பாள் என்றால் முழுசாக அல்ல. வாசலில் வந்த காய்க்காரரிடம், போன வாரம் வாங்கிய கத்தரிக்காயில் பாதி புழு என்றும், இருந்தாலும் அவரைக் குறை சொல்லவில்லை என்றும், இன்றைக்கு வெண்டைக்காய் மட்டும் போதும் என்றும் நான் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, "வெண்டக்கா அரைக் கிலோ" என்றாள். காய்க்காரரும் சந்தோஷமாக நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதுவரை செலவழித்த வார்த்தைகளைப் பற்றி அன்று கொஞ்சம் யோசித்தேன்.

சிக்கல் இரண்டாம் வாரத்தில் வந்தது. அந்த மாதச் சனிக்கிழமைக் கூட்டம் சாதாரணமானது அல்ல. கடைசி வருடப் பிள்ளைகளை வழியனுப்பும் கூட்டம். வருடம் தவறாமல் நான்தான் பேசுவேன். என்னோடு இருக்கும் இன்னொரு ஊழியர் திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார். வெளியிலிருந்து கூப்பிட நினைத்த இரண்டு பேரும் வர முடியவில்லை. மாணவர்களின் பொறுப்பாளராக இருந்த பெண் வியாழக்கிழமை போன் செய்தாள். என் போனை மனைவிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, யாருமே கிடைக்கல. நீங்க வந்து பேசுங்களேன்."

"நானா? நான் இன்னா பேசறது? எனக்கு ஒயருதான் தெரியும். பிரசங்கம்லாம் அவரு."

"அண்ணா பேசறத நாலு வருஷமா கேட்டுட்டோம்க்கா. நீங்க வாங்க."

அந்தப் பெண் அதை எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்து, என்ன தலைப்பில் பேசலாம், எந்த வசனத்தில் ஆரம்பிக்கலாம், எத்தனை குறிப்பு இருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை வரை அதை வெளியே எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவிக்கொண்டு சேலை மாற்றினாள். என் பைக்கில் தண்டலத்துக்குப் போனோம். ஹாலில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். படித்து முடித்துப் போன பழைய பிள்ளைகள் சிலரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் முறையாக, ஜன்னல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், கேட்கிறவர்களோடு உட்கார்ந்தேன்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. நான் ஒரகடத்துல ஒயரு கம்பெனில குவாலிட்டில கீறேன். காருக்குள்ள லைட்டு எரியறதுக்கு, ஹாரன் அடிக்கறதுக்கு ஒயரு ஓடும்ல, அத்தினியும் ஒரு கட்டா கட்டி அனுப்புவோம். ஒவ்வொரு கட்டையும் போர்டுல மாட்டி டெஸ்ட் பண்ணணும். பச்ச லைட்டு வந்தாதான் ஓகேன்னு ஸ்டிக்கர் ஒட்டணும். நான் குவாலிட்டிக்கு வந்த புதுசுல ஒரு நாளு, ரெண்டு மணிக்கு மேல ஆயிடுச்சி. வெளிய பஸ்ஸு நிக்குது. கடைசி டப்பால கொஞ்சம் பீஸு பாக்கி. டெஸ்ட் பண்ணாமயே ஸ்டிக்கர ஒட்டிட்டேன். யாரும் பாக்கல. பஸ்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்துட்டேன்."

ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன.

"பஸ்ஸு கெளம்பிச்சி. முன்னாடி ஒரு காரு போவுது. அதுல பிரேக் லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது. அதையே பாத்துகினு வந்தேன். இந்த மாதிரி லைட்டுக்குத்தானே நம்ம ஒயரு போவுதுன்னு தோணிச்சி. எழுந்து போயி டிரைவர் அண்ணன்கிட்ட, இறக்கி வுடுங்கண்ணான்னேன். 'வூடு இங்கயாம்மா?'ன்னாரு. இல்லண்ணா, கம்பெனில ஒண்ணு வெச்சிட்டு வந்துட்டேன்னேன். இறங்கிட்டேன். கம்பெனி பஸ்ஸு திரும்பிப் போவாது. ஆட்டோவும் இல்ல. நடந்தேன். மே மாச வெயிலு. லாரி லாரியா போவுது. போயிச் சேரும்போது மூஞ்சில மாவு பூசுன மாதிரி புழுதி."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். டப்பாவத் தொறந்து எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணாங்க. ரெண்டு பீஸு சிவப்பு லைட்டு காமிச்சிச்சி. அடுத்த ஷிப்ட்டு ஆளுங்க எல்லார் முன்னாடியும் என்னத் திட்டுனாரு. மெமோ குடுத்தாங்க. பாத்ரூம்ல போயி அழுதேன். அப்புறம் மூஞ்சக் கழுவிகினு வூட்டுக்குப் போயி சோறு ஆக்குனேன். நீங்கல்லாம் வேலைக்குப் போப்போறீங்க. தப்பே பண்ணாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பண்ணுவீங்க. ஆனா பஸ்ஸு ரொம்பத் தூரம் போறதுக்கு முன்னாடி இறங்கிடுங்க. தூரம் போவப் போவ, திரும்பி நடக்கறது ஜாஸ்தியாவும். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது. ஜெபம் பண்ணலாமா?"

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஐம்பது நிமிடம் பேசுகிறவன். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகள் சிலர் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெருமை ஒரு பாவம் என்று அதே ஹாலில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைப் பாவக் கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

கூடவே ஒரு வெட்கமும் இருந்தது. மெமோ வாங்கியது எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தாள். வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தது தெரியாது. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவள் தாமதமாக வந்தாள். "ஏன் லேட்டு?" என்று கேட்டேன். "பஸ் லேட்டுங்க" என்றாள். அடுத்த நாள் பேசுவதற்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த நான், தலையை நிமிர்த்தாமல் உம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் அவள், "இன்னாங்க, நல்லா இல்லியா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. தோளில் இருந்த அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில், "அந்த வெயிலில் எட்டு கிலோமீட்டராவது நடந்திருப்பாயே?" என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "ஆறுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்றான். முந்தின வருடம் மெக்கானிக்கல் முடித்துப் போனவன். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். சனிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் ஒருவன். நான் எழுந்து உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவன் என்னைத் தாண்டி, அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த என் மனைவியைப் பார்த்தான்.

"அக்கா, நானும் பஸ்ல ஏறி ரொம்பத் தூரம் போயிட்டேங்க்கா" என்றான். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் முடித்துவிட்டுப் போனான் என்று நாங்களும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நான்கு பேப்பர் அரியர் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் அப்பாவிடம், எல்லாம் பாஸாகிவிட்டேன், ஒரகடத்தில் கார் கம்பெனியில் இன்ஜினியர் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தான். உண்மையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் பெட்டி அடுக்குகிற வேலையில் இருந்தான். ஏழு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். அந்த அறையில் ஒருவனுக்குக் கார் கம்பெனியில் நிரந்தர வேலை. அவனுடைய நீல யூனிபார்ம் சட்டையை ஒரு நாள் வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தான்.

"ஒம்பது மாசம் ஆச்சுக்கா. மொதல்ல ஒரு பரிச்ச எழுதிப் பாஸ் பண்ணிட்டா சரியாப் போயிரும்னு நெனச்சேன். அதுக்குள்ள அப்பா நம்ம கோயில்ல எந்திரிச்சி நின்னு சாட்சி சொல்லிட்டாவ. என் மவன் இன்ஜினியர் ஆயிட்டான்னு ஊருக்கே தெரியும்."

கோயில் என்று அவன் சொன்னது அவர்கள் ஊர் சர்ச்சை. ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வதுதான் சாட்சி. அவன் அப்பா கொத்தனார். பேசிப் பழக்கமில்லாத மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்படி எழுந்து நின்றிருக்கிறார். அதுவும் பொய்யாகப் போய்விட்டது.

"வார ஞாயித்துக்கிழம அப்பா இங்க வாராவக்கா. என் கம்பெனியப் பாக்கணுங்காவ." இப்போது என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஊழியக்காரர் சொன்னா அப்பா கேப்பாவ. நான் இங்கயே கூட்டிட்டு வந்துருதேன்."

நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அந்த ஞாயிறு கழிந்து வரும் செவ்வாய்க்கிழமையோடுதான் மூன்று வாரம் முடிகிறது.

"ரெண்டு நாளு முன்னக்கூட்டிப் பேசுனா ஒண்ணும் ஆவாதுல்லாண்ணே?"

"ஆவும்" என்றாள் என் மனைவி. அவனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். "கூட்டிகினு வா. நாங்க பக்கத்துல இருக்கோம். சொல்றது நீ சொல்லு."

அந்த வாரம் முழுவதும் எனக்கு அதே நினைப்பு. பதினான்கு வருடமாக இப்படிப்பட்ட இடங்களில் நான்தான் பேசியிருக்கிறேன். எத்தனை அப்பாக்களைச் சமாதானப்படுத்தியிருப்பேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எங்கே ஒரு வசனத்தை நுழைப்பது என்பது வரை எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை உட்கார்ந்து அவன் அப்பாவுக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மனைவியிடம் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. குடுக்கணும்னா குடுங்க. ஆனா அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி குடுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பன்னிரண்டரை மணிக்கு இருவரும் வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை, வேட்டி. சிமெண்ட் அரித்துப் பிளந்த விரல்கள். ஒரு பையில் கருப்பட்டி, இன்னொரு பையில் வாழைப்பழம். எனக்குத் தொண்டை சரியில்லை, பேசக் கூடாது என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பேச வேண்டாம்யா. நான்தான் பேச வந்திருக்கேன். படிக்கப் போன எடத்துல கெட்டுப் போவாம என் மவன ஆளாக்கி வுட்டுட்டிய. அந்த நன்றியச் சொல்லணும்னுதான் வந்தேன்."

உட்கார்ந்ததும் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். திரையில் நீலச் சட்டையில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். "எங்க வூட்டம்மா தெனம் நாலு தடவ பாத்துக்கிடுவா" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன். என் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. என் சட்டைப் பையில் கடிதம் இருந்தது. கை அதற்குப் போனது. சமையல்கட்டு வாசலில் நின்ற மனைவி வேண்டாம் என்று தலையை லேசாக, ஒரே ஒரு முறை ஆட்டினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் கடினமானது எது என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வேன்.

"அப்பா" என்றான். "அந்தச் சட்ட என்னது இல்லப்பா."

"பின்ன யாரதுல?"

"ரூம்ல இருக்கவனது."

அவருக்குப் புரியவில்லை. போனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவன் நாற்காலியை விட்டு இறங்கி, அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். பாஸாகாததை, அரியரை, பெட்டி அடுக்குவதை, போட்டோ எடுத்ததை. எதையும் பூசி மெழுகவில்லை. எங்களிடம் திங்கட்கிழமை சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். அழவும் இல்லை. நான் எழுதிய நான்கு பக்கத்தில் அவன் சொன்னதில் பாதிகூட இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

அப்பா கையிலிருந்த போனையே பார்த்தார். போனின் திரை அணைந்தது.

"எத்தன பேப்பரு?"

"நாலுப்பா."

"இனி எழுத முடியுமா?"

"முடியும்ப்பா. எழுதுதேன்."

"சோறு ஒழுங்காத் திங்கியால?"

அவன் அதற்குத்தான் உடைந்தான். அப்பா அவன் தலையில் கையை வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "பெட்டி அடுக்குத வேலையில என்னல கொறச்சல்? நான் காலம்பூரா கல்லு அடுக்குதேன். அதச் சொல்லதுக்கு ஒனக்கு வெக்கமா? பொய் சொன்னியே, அதுதாம்ல வலிக்கி."

மனைவி வந்து, "அண்ணாச்சி, சாப்பாடு ஆறுது. எழுந்து வாங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. எங்கே பிடித்தாளோ, சரியாக அந்த நேரத்துக்கு அந்த வார்த்தை வந்தது. எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய அவரை மறுநாள் காலை எட்டு மணிக்கு என் பைக்கில் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். மகன் சாம்பல் நிற யூனிபார்மில் மற்றக் காண்ட்ராக்ட் ஆட்களோடு நின்றிருந்தான். அப்பா அவன் காலரைச் சரிசெய்துவிட்டார். பஸ் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கம்பெனியைக் காட்டச் சொன்னார். கேட் வரை போய் வெளியிலிருந்தே பார்த்தோம். நீளமான காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பூச்சு நல்லா இருக்குய்யா" என்றார். அன்று மதிய ரயிலுக்கு அவரை அனுப்பிவைத்தேன். என் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து, சட்டையோடு ஊறவைக்கப்பட்டு, கூழாகிப் போனது. அதற்காக மனைவியிடம் திட்டு வாங்கினேன். சட்டையெல்லாம் பேப்பர் ஒட்டிக்கொண்டதாம்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். வீட்டுக்கு வந்து முதலில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குரல் அந்த அளவுக்குக் கரகரத்திருந்தது. பழைய சத்தம் இன்றுவரை திரும்பவில்லை. இப்போது நானும் மைக் வைத்துத்தான் பேசுகிறேன். நேரமும் பாதியாகக் குறைந்துவிட்டது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பையன் போன் செய்தான். ஊரில் ஆராதனையில் அவன் அப்பா மறுபடியும் எழுந்து நின்றாராம். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. "போன தடவ என் மவன் இன்ஜினியர் ஆயிட்டான்னு இங்க நின்னு சொன்னேன். அது சரியில்ல. இன்னும் ஆவல. நாலு பேப்பர் இருக்கு. எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அவன் அம்மாதான் போனில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் எத்தனையோ சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன், நானும் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறேன். நான் நேரில் கேட்காத அந்தச் சாட்சியைப் போல ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பையன் வேலையை விடாமலே படித்தான். அவன் அறையில் எட்டுப் பேர் என்பதால், லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் உட்கார்ந்து படிப்பான். என் மகள் அவனுடைய தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமலே கேள்வி கேட்பாள். அவன் சொல்லும் பதிலில் ஒரு வார்த்தை மாறினாலும் தப்பு என்று சொல்லிவிடுவாள். முதல் தடவை மூன்று பேப்பர் பாஸானான். மிஞ்சிய ஒன்று அடுத்த தடவை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஜூனியர் இன்ஜினியராக இருக்கிறான். வேலை கிடைத்த அன்று முதலில் அப்பாவுக்குப் போன் செய்தான், அடுத்து என் மனைவிக்கு. எனக்கு மூன்றாவதாகத்தான் செய்தி வந்தது.

வழியனுப்பும் கூட்டத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகள் என் மனைவியை விடவில்லை. கம்பெனியில் கேட்டு வெள்ளிக்கிழமைகளில் முதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்டலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் கூட்டம். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. நான் அவளை இறக்கிவிட்டு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். முதலில் பதினைந்து பேர் வந்தார்களாம். இப்போது உட்கார இடம் போதவில்லையாம். இன்ன தலைப்பு, இத்தனை குறிப்பு என்று நான் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை டீக்கடைக்காரர் கேட்டார். "இன்னா சார், வாரா வாரம் வந்து இங்கயே குந்திகினு கீற? யாருக்கு வெயிட்டிங்?"

"உள்ள என் வீட்டுக்காரம்மா பேசறாங்க" என்றேன்.

"டீச்சரா?"

"இல்ல. ஒயர் கம்பெனில குவாலிட்டி."

அவர் விடுதிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு டீயை என் முன்னால் வைத்தார். கேட்டைத் திறந்துகொண்டு பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நடுவில் என் மனைவி, யாருக்கோ எதையோ விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சை முடித்துவிட்டு வரட்டும் என்று நான் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.